புகை படாத பெட்டி

டாக்டரம்மா இடுக்கியால் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தாள். ஒரு முழு நாள் விறகடுப்புக்குப் பக்கத்தில் தொங்கி, அந்தச் சமையல்கட்டின் காற்றை இழுத்துக்கொண்டே இருந்த பெட்டிக்குள் வைத்திருந்த தாள். குறைந்தது டீ நிறத்துக்காவது வந்திருக்க வேண்டும்.

வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் உறையிலிருந்து எடுத்த மாதிரி.

"மாணிக்கம், பெட்டியை எங்க மாட்டுனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சமையல்கட்டுலதாங்க. அடுப்புல இருந்து ஒரு கை தூரம். நீங்க சொன்ன அதே உயரங்க."

"ஓடுச்சா?"

"எடுக்கப் போனப்பக்கூட ஓடிக்கிட்டுத்தாங்க இருந்துச்சு. சத்தம் கேட்டேனுங்க."

கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. வெளியே மூட்டம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டை மூடியிருந்தது. பஸ் தெரியவில்லை, கண்டக்டரின் விசில் மட்டும் கேட்டது.

டாக்டரம்மா தாளைச் சின்ன டப்பியில் வைத்து மூடினார். மேசையில் இன்னொரு காகிதம் இருந்தது. அந்த வீட்டுக்காரி பழனியம்மா குழாயில் ஊதியபோது மெஷின் வரைந்த கோடு. நல்ல நெஞ்சு உள்ளவர்கள் ஊதினால் கோடு குன்று போலச் சட்டென்று ஏறி இறங்கும். பழனியம்மாவின் கோடு வரப்பு மாதிரித் தரையோடு கிடந்தது.

"அடுப்படியில புகையே இல்லை. நெஞ்சு மட்டும் இப்படி இருக்கு. பீடி, சுருட்டு ஏதாவது உண்டான்னு கேட்டீங்களா?"

"இல்லைன்னு சொன்னாங்க."

"மறைச்சுக் குடிக்கிறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். இன்னொரு தடவை கேட்டுட்டு வாங்க. தாள் வெள்ளையா இருந்தா அவங்க வீட்டைப் பட்டியல்ல சேர்க்க என்னால முடியாது."

அந்தப் பட்டியலில்தான் விஷயம் இருந்தது. எந்தெந்த வீட்டுத் தாள் அதிகம் கறுக்கிறதோ, அந்த வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டித் தருவார்கள். எல்லா வீட்டுக்கும் அடுப்பு கிடையாது. பட்டியல் அந்த வெள்ளிக்கிழமை மேலே போக வேண்டும். அன்று திங்கள்.

ஊதிக் காட்டியவன்

இந்தத் தொடரை முன்பே படித்தவர்களுக்கு என் கதை தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடிவாரத்தில் மலை ஏறும் லாரிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் தொற்றிக்கொண்டு, பாஷை புரியாத ஊர்களில் பாறைத் தூள் தின்று பல வருடம் ஓட்டினேன். துளை இறங்கும்போது தூள் மாவு போலக் கிளம்பும். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்வோம். சாப்பிடத் துண்டை அவிழ்க்கத்தானே வேண்டும்? சோற்றோடு அதுவும் உள்ளே போகும். பல்லில் நறநறவென்று மாட்டும். பழகிவிட்டது.

ஒரு நாள் ரிக்கின் ஏணியில் பாதி ஏறி மூச்சு முட்டி நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. அன்றோடு அந்த வேலை முடிந்தது. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவப் போனேன். அங்கே தங்க வந்தவர்தான் டாக்டரம்மா. மலைக்குக் கீழே உள்ள கல்லூரி ஒன்றிலிருந்து, மலை ஜனங்களின் நெஞ்சுக்குள் பீடியால் போவது எவ்வளவு, அடுப்பால் போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வந்திருந்தார். வழி தெரிந்த ஆள் வேண்டும் என்றார். மாரமங்கலம், கரடியூர் என்று எல்லாப் பக்கமும் நான் நடந்தே சுற்றியவன். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் ஜனங்களுக்கு முன்னால் என்னை ஊதிக் காட்டச் சொன்னார். முழுப் பலத்தோடு ஊதினேன். மெஷின் வரைந்த கோட்டைப் பார்த்துவிட்டு மூடினார். அதிலிருந்து நான் ஊதிக் காட்டுவதில்லை. எப்படி ஊத வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுப்பதோடு சரி.

கேட்கத் தெரிய வேண்டும்

இந்த வேலையில் எனக்குப் பிடித்துப் போனது கேள்வி கேட்பதுதான். ஜனங்கள் பொய் சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவே. நாம்தான் தப்பாகக் கேட்கிறோம்.

"பீடி குடிக்கிற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டால், காதில் பீடி செருகியிருக்கிறவர்கூட "அதெல்லாம் இல்லீங்க" என்பார். பழக்கம் என்று சொன்னதும் அது கெட்ட பழக்கமாகிவிடுகிறது. "கடைசியா எப்ப பத்த வெச்சீங்க?" என்று கேட்டால், "நீங்க வாரதுக்கு முந்தித்தாங்க" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு கட்டு எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்டால் உடனே வந்துவிடும்.

சமையலும் அப்படித்தான். எதில் சமைக்கிறீர்கள் என்றால் எல்லோரும் கேஸ் என்பார்கள். சிலிண்டர் இருக்கும். பொட்டு வைத்து, மேலே துணி போர்த்தி, மூலையில் நிற்கும். மலை வளைவில் இறங்கித் தீர்ந்த சிலிண்டரை மாற்றிக்கொண்டு வருவது ஒரு நாள் பிழைப்பு. அதனால் விருந்தாளிக்கு டீ வைக்க மட்டும் அதைப் பற்றவைப்பார்கள். களி கிண்டுவது விறகில்தான். காப்பித் தோட்டத்தில் கிளை கழிக்கும் கவாத்து முடிந்தால் மிளார்ச் சுள்ளி சும்மாவே கிடைக்கும். அதனால் நான் எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, குண்டானின் அடியைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பழனியம்மா வீட்டுக் குண்டானையும் திருப்பிப் பார்த்திருந்தேன். விரலில் ஒட்டும் கரி. கூரையின் உள்பக்கம் மூங்கில் எல்லாம் தார் பூசிய மாதிரி மின்னியது. அந்த வீட்டிலிருந்துதான் வெள்ளைத் தாள் வந்திருக்கிறது.

மூன்று கற்கள்

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். மாரமங்கலத்தில் இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடே கீழே நடக்க வேண்டும். வழியில் தலையில் குடத்தோடு பழனியம்மாவும், நாலடி முன்னால் அவர் புருஷன் சேர்வராயனும் ஊற்றிலிருந்து ஏறி வருவதைப் பார்த்தேன்.

அந்த ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்காரத் தோதான கல் உண்டு. மூன்றிலும் பழனியம்மா உட்கார்ந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி, வாயால் மூச்சு வாங்கினார். அவர் உட்காரும்போதெல்லாம் சேர்வராயன் திரும்பிப் பார்க்காமல் நின்று ஒரு பீடி பற்றவைத்தார். பழனியம்மா எழுந்ததும் அதைப் பாதியில் நசுக்கிவிட்டு நடந்தார்.

ஒரு கட்டு எத்தனை நாளுக்கு வரும் என்று நான் முன்பு கேட்டபோது, தண்ணிக்குப் போற நாளா போகாத நாளா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது பழனியம்மாவுக்கு முன்னால் அவரோடு நடந்தபோது அது ஏன் என்று கேட்டேன்.

"அவ உக்காரோணுமில்லீங்க. நான் சும்மா நின்னா அவளுக்காவ நிக்கறாப்பல ஆயிருது. பீடின்னா எனக்காவ நின்னாப்பல" என்றார்.

இதை எழுத டாக்டரம்மாவின் ஃபாரத்தில் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

கேள்வியும் பதிலும்

வீட்டுக்குப் போனதும் பழனியம்மா சிலிண்டரின் துணியை எடுத்து எனக்கு டீ வைத்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். அவர் அந்தப் பாதையில் மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, திருட்டுத்தனமாகப் பீடி குடிக்கிறீர்களா என்று கேட்க வேண்டும்.

கடைசியில், எனக்குத் தெரிந்த வழியிலேயே கேட்டேன். "ஏனுங்கக்கா, நீங்க கடைசியா பீடி பத்த வெச்சது எப்பங்க?"

பழனியம்மா என்னைப் பார்த்தார். சேர்வராயன்தான் முதலில் சிரித்தார். "அவளா? என்ற சட்டையத் தொவைக்கறதுக்கே மூக்கப் புடிச்சுக்குவா."

"நீங்க சும்மா இருங்க" என்றார் பழனியம்மா. என் பக்கம் திரும்பினார். "ஆரு கேக்கச் சொன்னாங்க தம்பி?"

மறைக்க முடியவில்லை. தாள் வெள்ளையாக இருந்ததையும், நெஞ்சு மட்டும் கெட்டிருப்பதையும், அதனால் டாக்டரம்மாவுக்கு வந்த சந்தேகத்தையும் சொன்னேன். இப்படியே போனால் இந்த வீட்டுக்கு அடுப்பு வராது என்றும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது பெருமை.

"வெள்ளையாத்தான் இருக்கும். ஒரு பொட்டுக் கரி படாம பாத்துக்கிட்டேனில்ல?"

கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பலாமரத்தடியில் மூன்று கல், நடுவே சாம்பல். பெட்டி வீட்டில் இருந்த நாள் முழுக்க அங்கேதான் சமையல். சாரல் வேறு. சேர்வராயன் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். களி அடிப்பிடித்துவிட்டதாம். உள்ளே பெட்டி மட்டும் சுத்தமான சமையல்கட்டில், அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், தனியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"எதுக்குங்கக்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க. நீங்கதான சொன்னீங்க, நொம்ப வெலைங்க, பத்தரமா வெச்சுக் குடுங்கன்னு? அடுத்தவிய பொருளைக் கரியோட திருப்பிக் குடுக்கற ஊடுங்களா இது?"

என் வாய்

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. இட்லிக் குண்டான் இரவல் வாங்கினால், வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பாகத்தான் திரும்பிப் போகும். புளி போட்டுத் தேய்த்து, உள்ளே நாலு கொய்யாப்பழமும் வைத்து அனுப்புவார்கள். மங்கலாகத் திருப்பிக் கொடுத்தவள் பேர் அடுத்த நோம்பித் திருவிழா வரை ஊர் வாயில் இருக்கும்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். நான் மாட்டிய பெட்டிகள் எல்லாம் துடைத்துச் சுத்தமாகத் திரும்பி வந்தன. ஒன்றில் சந்தனப் பொட்டு இருந்தது. ஒன்றின் வாரில் கொய்யாப்பழப் பை தொங்கியது. ஜனங்களிடம் எனக்கு நல்ல பேர் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் பெட்டியை மாட்டிவிட்டு வெளியே வரும்போது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். நொம்ப வெலைங்க, பத்தரமா வெச்சுக் குடுங்க. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததல்ல. நானாகச் சேர்த்துக்கொண்டது.

அடுப்பு கட்டித் தருவதற்காகப் புகையைப் பிடிக்க வந்த பெட்டி. அதைப் புகைக்குக் காட்டாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தவன் நான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். மெஷின் அந்த ஒரு வீட்டில் மட்டும் மக்கர் பண்ணியது என்று சொல்லிவிடலாம். பழனியம்மா வீட்டில் இன்னொரு தடவை மாட்ட அனுமதி கிடைத்துவிடும். என் வேலையும் போகாது. ரிக்கில் தண்ணீர் வராவிட்டால் பாறை சரியில்லை என்றுதான் சொல்வோம். இடம் பார்த்ததில் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. நானும் பல தோட்டக்காரர்களிடம் அப்படிச் சொல்லிவிட்டு லாரி ஏறியவன்தான். வறண்ட குழியை அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் மற்ற வீடுகளிலும் இதேபோல மூச்சு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தாள்களும் டப்பியில் இருந்தன, எதை நம்பலாம் என்று சொல்ல முடியாமல்.

டாக்டரம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை வீட்டுல அப்படிச் சொன்னீங்க?"

"எல்லா ஊட்டுலயுங்க."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. தப்பு உங்க பக்கம்னு எழுத்துல இருந்தாத்தான் திரும்ப அளக்க விடுவாங்க. உங்களை வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு மேல இருக்கறவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் நடங்க. நாளைக்குப் பழனியம்மா வீடு."

எழுதினேன். ஒரு பக்கம் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அடித்தல் திருத்தலோடு கொடுத்தேன். அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.

அழுக்குப் பெட்டி

புதன்கிழமை அதே ஆணியில் பெட்டியை மாட்டினேன். எப்போதும் போல உள்ளேயே சமைக்க வேண்டும் என்றேன். பழனியம்மா தலையாட்டினார். ஆனால் கண் கொல்லைப் பக்கம் போய் வந்தது. இவர் கேட்க மாட்டார் என்று தெரிந்தது.

பெட்டி காற்றை இழுக்கும் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். சுவரில் விரலைத் தேய்த்துக் கரி எடுத்து, பெட்டியின் முகத்தில் குறுக்கே ஒரு பட்டை இழுத்தேன்.

"அய்ய, என்ன தம்பி பண்றீங்க?"

"இனி இது அழுக்குப் பெட்டிங்கக்கா. நானே அழுக்குப் பண்ணிட்டேன். உங்க மேல பேச்சு வராது."

"அழுக்காத்தான் குடுக்கோணுமுங்களா?"

"அழுக்கானாத்தானுங்க அடுப்பு."

சேர்வராயன் வாசலில் இருந்து, "குடை புடிக்கற வேலை மிச்சம்" என்றார்.

வியாழக்கிழமை எடுக்கப் போனேன். ஆணியில் தொங்கிய பெட்டியைப் பார்த்தேன். கரிப்பட்டையைக் காணோம். முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்தார். உள்ளே சமைத்தீர்களா என்று மூன்று தரம் கேட்டேன். சமைத்தேன் என்றார். களி, அவரைக்கொட்டைக் குழம்பு, காலையில் மறுபடியும் களி. துடைத்தது மட்டும், பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை என்பதால், நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

ஏற்காடு வரும் வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். டாக்டரம்மா திறந்தார். இடுக்கியால் எடுத்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோகத் தேவைப்படவில்லை. வடிகட்டிய காப்பித்தூள் நிறம். ஓரத்தில் மட்டும், பெட்டிக்குள் ஒரு வளையம் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில், தாளின் பழைய வெள்ளை மெல்லிசாகத் தெரிந்தது.

"ஒரே நாள்ல" என்றார் டாக்டரம்மா. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பழனியம்மா வீடு போனது. மற்ற வீடுகளுக்கு இரண்டாவது பட்டியல் வரும் என்று எழுதி அனுப்பினார். அந்த வீடுகள் அத்தனைக்கும் நான் மறுபடி நடந்து முடிக்க, மிளகு காய்ந்து மூட்டை கட்டும் காலம் ஆகிவிட்டது. என்னை வேலையில் இருந்து எடுக்கவில்லை. வழி தெரிந்த வேறு ஆள் கிடைக்காததுகூடக் காரணமாக இருக்கலாம்.

பற்றவைத்த நாள்

அடுப்பு கட்டி மண் காய்ந்ததும் டாக்டரம்மாவும் வந்தார். புகைக்குழாய் சுவரோடு ஏறிக் கூரைக்கு மேலே போயிருந்தது. பழனியம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நேராகக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இதுல ஆக்குனா போன மூச்சு திரும்பி வருங்களா?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "போனது வராதுங்க. இருக்கறது இனி சீக்கிரம் குறையாது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பழனியம்மா யோசித்தார். "செரி. இருக்கறத வெச்சு ஏறிக்கறேன்" என்றார்.

காப்பி மிளார் நாலைந்தை ஒடித்து அடுப்புக்குள் வைத்தார். தீக்குச்சி கிழித்துப் போட்டார். எப்போதும் போலக் குனிந்து, கண்ணை இறுக மூடி, முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, ஊதுகுழலால் ஊதினார். மிளார் சடசடவென்று பிடித்தது. புகை முழுக்கக் குழாய்க்குள் போயிற்று.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பியபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியே குனிந்திருந்தார்.

"ஏனுங்க, பத்திக்கிச்சுங்களா?" என்று புருஷனைக் கேட்டார்.

வாசலில் குந்தியிருந்த சேர்வராயன், "கண்ணத் தொறந்து பாரு" என்றார்.